பள்ளியில் எண்டோமெட்ரியோசிஸ் பற்றிப் பேச ஒரு மணி நேரம் கிடைத்திருக்கிறது, பிள்ளைகளிடம் என்ன சொல்வது?

கணக்கு டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். வயது 31, கரூர் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். போன ஜனவரியில்தான் எனக்கு இருப்பது எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற ஒன்று அதற்கு வெளியே வளரும் நோய்) என்று ஒரு டாக்டர் பெயர் சொல்லி எழுதிக் கொடுத்தார். வயதுக்கு வந்தது 13 வயதில், வலியும் அந்த வருடமே தொடங்கிவிட்டது, ஆக 18 வருடம். இடையில் பார்த்தவர்களில் ஒருவர் அல்சர் என்றார், ஒருவர் குடல்வாலாக இருக்கும் என்று இரண்டு நாள் அட்மிட் போட்டுப் பார்த்துவிட்டு அனுப்பினார், இன்னொருவர் நீர்க்கட்டி என்று சொல்லி உடம்பைக் குறைக்கச் சொன்னார், அன்றைக்கு என் எடை 46 கிலோ. "கல்யாணம் ஆனா சரியாப் போயிடும்மா" என்று மட்டும் மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள். கல்யாணமாகி நாலு வருடம் ஆகிறது. வலி போகவில்லை, குழந்தையும் இல்லை, குழந்தைக்காகப் போய் எடுத்த ஸ்கேனில்தான் இடது சினைப்பையில் 5 செ.மீ. சாக்லேட் சிஸ்ட் இருப்பது தெரிந்தது.

முதல் நாள் வலியைப் பட்டுப் பார்க்காதவர்களுக்கு விளக்குவது கஷ்டம். இடுப்பில் பிடித்து, தொடை வழியாக முழங்கால் வரை இறங்கும். டாய்லெட்டில் உட்கார்ந்தால் ஆசனவாய்க்குள் கம்பி ஏறுவது போல இருக்கும், அதற்குப் பயந்தே அந்த நாட்களில் சாப்பாட்டைக் குறைத்துவிடுவேன். வெந்நீர்ப் பை வைத்து வைத்து அடிவயிற்றுத் தோலில் வலை பின்னினாற்போலப் பழுப்புக் கோடுகள் விழுந்திருக்கின்றன. கடைசியாகப் பார்த்த டாக்டர், ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு அந்தக் கோடுகளைத் தொட்டுப் பார்த்து, "எத்தனை வருஷமாம்மா இப்படி ஒத்தடம் குடுக்குறீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கே எனக்கு அழுகை வந்துவிட்டது, அதுவரை யாரும் எத்தனை வருஷம் என்று கேட்டதே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, மற்றவர்கள் வெளியே போகும் வரை காத்திருந்து, "மிஸ், நீங்க போர்டுல மேல மட்டும் எழுதுற அன்னைக்கு உங்களுக்குப் பீரியட்ஸா?" என்று கேட்டாள். தூக்கிவாரிப் போட்டது. வலி இருக்கும் நாட்களில் குனிந்தால் நிமிர முடியாது என்பதால் பலகையின் கீழ்ப்பாதியை நான் தொடவே மாட்டேன், அதை ஒரு பிள்ளை மாதக்கணக்கில் கவனித்திருக்கிறாள். அவளுக்கும் அப்படித்தானாம். ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து காட்டினாள், கோணமானிக்கு அடியில் மெஃப்டால் என்கிற வலி மாத்திரை அட்டை, ஆறு மாத்திரை காலி. வீட்டில் யாருக்கும் தெரியாது, தெருமுனை மருந்துக்கடையில் அவளே வாங்கிக்கொள்கிறாள்.

அன்றைக்கே ஹெச்.எம்.மிடம் போய்ப் பேசினேன். மார்ச் மாதம் இந்த நோய்க்கான விழிப்புணர்வு மாதம், மஞ்சள் ரிப்பன் குத்திக்கொள்வார்கள், அதைக் காரணமாகச் சொல்லி ஒரு மணி நேரம் கேட்டேன், கொடுத்துவிட்டார். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை பெண் பிள்ளைகள் 140 பேர் வருவார்கள். எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். பெயரே வாயில் நுழையாத இந்த நோயைக் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது? எனக்கு இருக்கிறது என்று சொல்லலாமா? அம்மா கூடவே கூடாது என்கிறார், தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம், "அக்காளுக்கு இப்படின்னா தங்கச்சிக்கும் இருக்கும்னு பேசுவாங்க, எனக்கும்தான் வலிச்சுது, நான் பொறுத்துக்கலையா" என்கிறார். அப்புறம் ஆண் பிள்ளைகளையும் உட்கார வைக்கலாமா என்று ஹெச்.எம். கேட்டார், அதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை.

நைட் டியூட்டி சிஸ்டர்:

டீச்சர், முதலில் நீங்கள் ஆபரேஷனா மாத்திரையா எதில் இருக்கிறீர்கள், உடம்பு இப்போது எப்படி இருக்கிறது என்று எழுதவே இல்லையே. அதையும் சொல்லுங்கள். நான் அரசு மருத்துவமனையில் 19 வருடமாக ஸ்டாஃப் நர்ஸ், அதில் பாதிக்கு மேல் பெண்கள் வார்டு.

பிள்ளைகளுக்கு நான் சொல்கிற விதத்தைச் சொல்கிறேன். கர்ப்பப்பைக்கு உள்பக்கம் மாதாமாதம் மெத்தை மாதிரி ஒரு சவ்வு வளரும், கரு தங்கவில்லை என்றால் அது ரத்தத்தோடு கழிந்து வெளியே வந்துவிடும், அதுதான் பீரியட்ஸ். இதுவரை எல்லோருக்கும் தெரியும். சிலருக்கு அந்தச் சவ்வு மாதிரியே ஒன்று கர்ப்பப்பைக்கு வெளியே, சினைப்பை மேல், சினைக்குழாய் மேல், குடல், மூத்திரப்பை மேலெல்லாம் ஒட்டி வளர்கிறது. அதற்கும் அதே ஹார்மோன்தான், மாதாமாதம் அதுவும் வீங்கும், கசியும். ஆனால் அங்கிருந்து ரத்தம் வெளியேற வழி கிடையாது. அங்கேயே தங்கிப் புண்ணாகி, தழும்பாகி, பக்கத்துப் பக்கத்து உறுப்புகளைச் சேர்த்து ஒட்டவைத்துவிடும். ஈரம் பட்ட அப்பளக் கட்டைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா, ஒன்றை இழுத்தால் இன்னொன்றும் சேர்ந்து கிழிந்து வரும், உள்ளே கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். சினைப்பைக்குள் பழைய ரத்தம் தேங்கிக் கெட்டியாகிப் பழுப்பு நிறத்தில் இருப்பதால்தான் சாக்லேட் சிஸ்ட் என்று பெயர். நம் ஊரில் நீர்க்கட்டி என்று சொல்கிற பி.சி.ஓ.டி. வேறு, இது வேறு, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய, அதைக் கட்டாயம் பிரித்துச் சொல்லுங்கள்.

பெயரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். எண்டோ, மெட்ரி, யோசிஸ் என்று மூன்று துண்டாக்கி போர்டில் எழுதி எல்லோரையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்ல வையுங்கள், நாளைக்கு ஒரு டாக்டர் முன்னால் உட்காரும்போது அந்த வார்த்தை வாயில் வரவேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்குப்படி மாதவிலக்கு வருகிற வயதில் இருக்கும் பெண்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு இது இருக்கிறது, உலகம் முழுக்க 19 கோடிப் பேர். நீங்கள் கணக்கு டீச்சர், அந்த ஹாலில் எத்தனை பேருக்கு இருக்கலாம், பிற்பாடு எத்தனை பேருக்கு வரலாம் என்று அவர்களையே போடச் சொல்லுங்கள்.

எந்த வலி சாதாரணம், எந்த வலிக்கு டாக்டரைப் பார்க்கணும் என்பதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்குங்கள். முதல் இரண்டு நாள் அடிவயிறு இழுத்துப் பிடிப்பது, ஒரு மாத்திரைக்கு அடங்குவது, படுத்து எழுந்தால் சரியாவது, இது பெரும்பாலான பிள்ளைகளுக்கு இருக்கும். மாதாமாதம் லீவு போட வைக்கிற வலி, மாத்திரைக்கு அடங்காத வலி, ரத்தம் வருவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே ஆரம்பித்து நின்ற பிறகும் தொடர்கிற வலி, மலம் கழிக்கும்போது, ஒன்றுக்குப் போகும்போது வலி, வாந்தி, மயக்கம், இதெல்லாம் பொறுத்துக்கொள்ளும் ரகம் இல்லை. இன்னொன்று, உங்கள் அம்மா "எனக்கும்தான் வலிச்சுது" என்றாரே, நம் வீடுகளில் அதை ஒன்றுமில்லை என்பதற்கு ஆதாரமாகச் சொல்கிறார்கள், நாங்கள் கேஸ் ஷீட்டில் அதைக் குடும்பத்தில் இருக்கிறது என்று எழுதுவோம். அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்தால் மற்றவர்களுக்கும் வர வாய்ப்பு அதிகம். உங்கள் தங்கையிடம் முதலில் கேளுங்கள் டீச்சர், வரன் அப்புறம் பார்க்கலாம்.

அந்த ஜாமெட்ரி பாக்ஸ் பிள்ளையை விட்டுவிடாதீர்கள். மெஃப்டால் மாதிரி மாத்திரையை வெறும் வயிற்றில் போடக்கூடாது, வலி உச்சத்துக்குப் போகும் வரை காத்திருக்காமல் ஆரம்பத்திலேயே சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால்தான் நன்றாகக் கேட்கும், டாக்டர் சொன்ன அளவைத் தாண்டக்கூடாது. அதில் இருக்கிற மெஃபனாமிக் ஆசிட் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையைக் கொண்டுவரலாம் என்று 2023 கடைசியில் இந்திய மருந்தியல் ஆணையம் எச்சரிக்கை விட்டது, போட்ட பிறகு உடம்பில் தடிப்பு, காய்ச்சல், முக வீக்கம் வந்தால் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு வரணும். யாரிடம் கேட்பது என்று தெரியாத பிள்ளைகளுக்கு 104 எண்ணை போர்டில் எழுதிப் போடுங்கள், நம் மாநிலத்தில் எந்த நேரமும் மருத்துவ ஆலோசனை கேட்கலாம்.

இரண்டு தழும்பு:

என் பெயருக்குக் காரணம் இரண்டு ஆபரேஷன். கோவை. முதலாவது 2015, அடுத்தது 2019.

டீச்சருக்கு நான் சொல்ல நினைப்பது, ஸ்கேன் நார்மல் என்று வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை என்பதைப் பிள்ளைகளிடம் இரண்டு முறை சொல்லுங்கள். சிஸ்ட் இருந்தால் ஸ்கேனில் தெரியும், மேலாகப் படர்ந்திருக்கும் சின்னச் சின்னத் திட்டுகள் சாதாரண ஸ்கேனில் தெரியாமலே போகலாம். எனக்கு மூன்று ஸ்கேன் நார்மல். மூன்றாவது ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு என் மாமியார் "மனசுல வெச்சுக்காதம்மா, உடம்புல ஒண்ணும் இல்லை" என்றார், அன்பாகத்தான் சொன்னார், ஆனால் அன்றிலிருந்து வலி வந்தால் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழ ஆரம்பித்தேன். அதேபோல, நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று சொல்கிற ஸ்டேஜுக்கும் வலிக்கும் சம்பந்தம் இல்லை. நான்காவது ஸ்டேஜில் வலியே தெரியாமல் இருப்பவர்களும் உண்டு, முதல் ஸ்டேஜிலேயே சுருண்டு கிடப்பவர்களும் உண்டு.

முதல் ஆபரேஷனில் மேலாகச் சுட்டுப் பொசுக்கினார்கள், இரண்டு வருடத்தில் வலி திரும்பிவிட்டது. இரண்டாவது முறை குடல் சர்ஜனும் கூட நின்று, பாதித்த இடங்களை வேரோடு வெட்டி எடுத்தார்கள், நாலேகால் மணி நேரம். இரண்டும் ஒன்றில்லை, எதைச் செய்யப் போகிறீர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள நோயாளிக்கு உரிமை இருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது. டீச்சர், உங்களுக்கு 5 செ.மீ. சிஸ்ட், குழந்தையும் வேண்டும் என்றால் கத்தி வைப்பதற்கு முன் ஏ.எம்.ஹெச். என்கிற, முட்டை இருப்பைக் காட்டும் ரத்த டெஸ்ட் எடுத்துப் பேசிவிடுங்கள், சிஸ்ட்டை உரித்து எடுக்கும்போது சினைப்பையில் இருக்கும் முட்டை இருப்பும் குறையலாம். மெடிக்கல் இன்சூரன்ஸ் இருந்தால் அதையும் எடுத்துப் படியுங்கள், பல பாலிசிகளில் இந்த நோய்க்கு இரண்டு வருடக் காத்திருப்பு போட்டிருப்பார்கள், எனக்கு அது டிஸ்சார்ஜ் அன்றைக்குத்தான் தெரிந்தது, என் வீட்டுக்காரர் கவுன்டருக்கும் ஏ.டி.எம்.முக்கும் நடந்தார்.

முன்பெல்லாம் வயிற்றில் ஓட்டை போட்டு உள்ளே கேமரா விட்டுப் பார்த்தால்தான் உறுதி என்பார்கள். 2022-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதலில் அதை மாற்றிவிட்டார்கள், அறிகுறிகளையும் ஸ்கேனையும் வைத்தே மாத்திரை ஆரம்பிக்கலாம், லேப்ராஸ்கோப்பி எல்லோருக்கும் முதல் படி இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இது முக்கியம், டாக்டரிடம் போனாலே வயிற்றைக் கிழிப்பார்கள் என்று பயந்து ஓடக்கூடாது. நான் இப்போது டைனோஜெஸ்ட் என்கிற ஹார்மோன் மாத்திரை இரண்டு மில்லிகிராம், தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு அலாரம் வைத்துப் போடுகிறேன். முதல் நான்கு மாதம் விட்டு விட்டு ரத்தக்கசிவு, காரணமில்லாத எரிச்சல், முடி கொட்டியது. அப்புறம் அடங்கியது. வேரறுக்கும் மருந்து கிடையாது, அடக்கி வைக்கலாம். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தீர்ந்தது என்பதும் நம்பி இறங்குகிற விஷயம் இல்லை, என் பெரியம்மாவுக்கு 35 வயதில் எடுத்தார்கள், குடல் மேல் இருந்தது அப்படியே இருந்து, அவர் சாகும் வரை இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

உங்கள் கதையைச் சொல்லுங்கள். பத்மா லட்சுமியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், சென்னையில் பிறந்தவர், அமெரிக்காவில் டி.வி. சமையல் நிகழ்ச்சி நடத்தியவர். 13 வயதில் ஆரம்பித்த வலிக்கு அவருக்குப் பெயர் கிடைத்தது 36 வயதில். 2009-இல் தன் டாக்டரோடு சேர்ந்து அங்கே ஒரு அறக்கட்டளை ஆரம்பித்தார், பள்ளிப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அவ்வளவு பெரிய நாட்டில், அவ்வளவு வசதியில் இருந்தவருக்கே 23 வருடம் ஆனது என்றால், நம் பிள்ளைகளுக்கு யாராவது ஒருவர் முன்னால் நின்று "எனக்கு இருக்கு" என்று சொன்னால்தான் உறைக்கும்.

பத்தாவது படிக்கும் பெண்ணின் அம்மா:

எல்லோரும் இவ்வளவு அனுபவப்பட்டு எழுதும்போது நான் வேறு மாதிரி சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். என் பெண்ணுக்கு 15 வயது, முதல் நாள் வயிற்றுவலி என்று சுருண்டு படுப்பாள், மறுநாள் ஓடிவிடுவாள். இந்தக் கூட்டத்துக்கு வந்து குழந்தை பிறக்காது, ஆபரேஷன், குடல் என்றெல்லாம் கேட்டால் அவள் ராத்திரி தூங்க மாட்டாள். பொதுத்தேர்வு வேறு வருகிறது. பயமுறுத்தாமல் சொல்ல வழி இல்லையா? வெந்தயம், உளுந்தங்களி, நல்லெண்ணெய் என்று பெரியவர்கள் சொன்னதெல்லாம் வீண் என்று ஆகிவிடக்கூடாது, அதுவும் எனக்கு வருத்தம்.

நைட் டியூட்டி சிஸ்டர்:

அக்கா, நீங்கள் கேட்டது சரியான கேள்வி. உங்கள் பெண்ணுக்கு இருப்பது பெரும்பாலும் சாதாரண வலிதான், கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கிற ஒரு பொருளால் வருவது, மறுநாள் ஓடுகிறாள் என்பதே நல்ல அடையாளம். டீச்சரும் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நோய் கிடையாது என்று. குழந்தை விஷயத்தையும் மறைக்க வேண்டாம், கூட்டவும் வேண்டாம். இந்த நோய் உள்ளவர்களில் சிலருக்குக் கரு தங்குவது தாமதமாகும், பலருக்கு இயல்பாகவே குழந்தை பிறக்கிறது, என் வார்டிலேயே எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். உளுந்தங்களி தாராளமாகக் கொடுங்கள், உடம்புக்கு நல்லது, வெந்நீர் ஒத்தடமும் வலியைக் குறைக்கும். களி கொடுத்தும் மாதம் மூன்று நாள் பள்ளிக்குப் போக முடியவில்லை என்றால் மட்டும் களியோடு நிறுத்திவிடாதீர்கள், அவ்வளவுதான்.

லண்டன் தர்சினி:

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து 16 வயதில் இங்கே வந்தவள். இங்கே எல்லாம் வசதி, சிகிச்சைக்குக் காசு கட்டத் தேவையில்லை, ஆனாலும் எனக்கு நோயைக் கண்டுபிடிக்க 11 வருடம் பிடித்தது. குடல் எரிச்சல் நோய் என்று சொல்லிப் பால், கோதுமை எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்கள். 2020-இல் இங்கத்தைய பாராளுமன்றக் குழு ஒன்று பத்தாயிரம் பேருக்கு மேல் விசாரித்து அறிக்கை விட்டது, நோயைக் கண்டுபிடிக்கச் சராசரியாக 8 வருடம் என்று.

டீச்சருக்கு நான் சொல்ல விரும்புவது வேறு ஒன்று. வந்த புதிதில் எனக்கு இங்கிலிஷ் ஓடாது, வைத்தியரிடம் அண்ணாதான் கூட்டிக்கொண்டு போவார், அவர்தான் மொழிபெயர்ப்பு. வைத்தியர் "வலி எங்கே, எப்போது, கழிப்பறைக்குப் போகும்போது இருக்கிறதா" என்று கேட்பார். அண்ணாவுக்கு முன்னால் நான் எப்படி வாய் திறப்பேன்? "வயிற்றுக்குத்து" என்று மட்டும் சொல்வேன், அவர் "ஸ்டமக் பெயின்" என்று சொல்வார், வைத்தியர் இரைப்பைக்கு மருந்து எழுதுவார். இப்படியே மூன்று வருடம் போனது. பிறகு ஒரு நாள் அண்ணாவுக்கு வேலை, தனியாகப் போனேன், ஒரு தாளில் மனித உருவம் கீறி, வலிக்கும் இடத்தையெல்லாம் சிவப்புப் பேனையால் நிரப்பிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அன்றைக்குத்தான் என்னைப் பெண்நோயியல் பிரிவுக்கு அனுப்பினார்கள்.

ஆகவே உங்கள் பிள்ளைகளுக்குச் சொற்களைக் கொடுங்கள். மலவாசல், பெண்ணுறுப்பு, சிறுநீர்ப்பை என்று கூசாமல் சொல்லப் பழக்குங்கள், சொல்ல ஏலாவிட்டால் கீறிக் காட்டச் சொல்லுங்கள். அம்மா அறையில் இருந்தால் கதைக்க மாட்டார்கள், ஐந்து நிமிடம் தனியாகக் கதைக்க வேண்டும் என்று வைத்தியரிடம் கேட்கலாம் என்பதையும் சொல்லுங்கள். நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் பள்ளிக்கூடங்களுக்கே போய் இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆஸ்திரேலியச் சுகாதார அமைச்சராக இருந்த கிரெக் ஹன்ட், 2017 டிசம்பரில், இந்தப் பெண்களை இவ்வளவு காலம் கவனிக்காமல் விட்டதற்குப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார், அடுத்த வருடமே தேசியச் செயல்திட்டம் வந்தது. அந்தச் செய்தியை நான் ரயிலில் வாசித்தேன், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

சேலத்துக்காரன்:

பெண்கள் பேசும் இடத்தில் நுழைகிறேன், மன்னிக்கவும். என் மனைவிக்கு இந்த நோய். கல்யாணத்துக்கு முன்பே அவளுக்கு வலி இருந்தது, அவள் வீட்டில் "மாப்பிள்ளை வீட்டுல மூச்சு விடாதே" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். முதல் ஒரு வருடம் நான் பக்கத்தில் போனாலே அவள் உடம்பு இறுகிவிடும். என்னைப் பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். கேட்கத் தெரியவில்லை, அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை, பேச்சே குறைந்துவிட்டது. இரண்டு வீட்டிலும் பஞ்சாயத்து வைக்கும் அளவுக்குப் போய், அதற்கு முந்தின ராத்திரிதான் அவள் வாய்விட்டு "வலிக்குதுங்க, உங்களைப் பிடிக்காம இல்லை, உயிர் போற மாதிரி வலிக்குது" என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக ஒரு வருடம் வீணானது. தாம்பத்தியத்தில் வலி இந்த நோயின் அறிகுறிகளில் ஒன்று என்று டாக்டர் பிற்பாடு சொன்னபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அதனால் டீச்சர், தங்கைக்கு வரன் என்பதற்காக மறைக்க வேண்டாம் என்று உங்கள் அம்மாவிடம் ஒரு மாப்பிள்ளை சொன்னதாகச் சொல்லுங்கள். சொன்னால் விலகிப் போகிறவன் கல்யாணத்துக்கு முன்பே விலகிவிடட்டும்.

ஆண் பிள்ளைகள் விஷயத்தில், அவர்களுக்கும் கட்டாயம் சொல்லுங்கள், ஆனால் வேறு மணி நேரத்தில். ஒன்றாக உட்கார்ந்தால் பெண் பிள்ளைகள் சந்தேகம் கேட்க மாட்டார்கள், பையன்கள் கூச்சத்தில் சிரித்துவிடுவார்கள். எனக்குப் பத்தாவதில் இனப்பெருக்க மண்டலம் பாடத்தை "வீட்டுல படிச்சுக்கங்க" என்று சார் தாண்டிவிட்டார். அந்தத் தாண்டின பாடம்தான் என் வீட்டில் வந்து நின்றது.

கணக்கு டீச்சர்:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. மூன்று நாளாக ஒவ்வொருவர் எழுதியதையும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

சிஸ்டர் கேட்டதற்குப் பதில், எனக்கு இப்போது மாத்திரைதான் நடக்கிறது, டைனோஜெஸ்ட் இரண்டாவது மாதம், வலி பாதியாகியிருக்கிறது, தலைவலி புதிதாக வந்திருக்கிறது. ஏ.எம்.ஹெச். எடுக்கச் சொல்லி நானே டாக்டரிடம் கேட்டேன், அடுத்த வாரம் ரிசல்ட் வரும், அதைப் பார்த்துவிட்டுத்தான் ஆபரேஷனா, நேரே குழந்தைக்கான சிகிச்சையா என்று முடிவு.

சேலத்து அண்ணன் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார், ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நான் பிறப்பதற்கு முன்னால் களை எடுக்கப் போன இடத்தில் வலியில் வரப்பிலேயே விழுந்து கிடந்ததையும், பாட்டி வந்து "எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதானே" என்று தூக்கிவிட்டு மறுபடி வயலில் இறக்கிவிட்டதையும் சொன்னார். 31 வருடத்தில் முதல்முறையாகக் கேட்கிறேன். அப்புறம் தங்கையைக் கேட்டோம். அவளுக்கும் இருக்கிறது. அவள் சொல்லாமல் இருந்தது அம்மா திட்டுவார் என்பதற்காக இல்லையாம், ஏற்கெனவே எனக்காக ஆஸ்பத்திரிக்கு அலைகிறார்களே, நாமும் சேரக்கூடாது என்று. சனிக்கிழமை மூன்று பேருமாக டாக்டரிடம் போகிறோம். என் கதையைச் சொல்லலாம் என்று அம்மாவே சொல்லிவிட்டார், தங்கை பெயரை மட்டும் எடுக்காதே என்றார், அது நியாயம்தான்.

கூட்டம் புதன்கிழமை மூன்றாவது மணி. பத்தாவது படிக்கும் பெண்ணின் அம்மா கேட்டபடி பயமுறுத்தாமல், சிஸ்டர் சொன்னதுபோலப் பெரும்பாலோருக்கு இது கிடையாது என்றுதான் ஆரம்பிக்கப் போகிறேன். ஆண் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை தனியாக, அறிவியல் சாரும் நானும் சேர்ந்து எடுக்கிறோம், அவர் தாண்டாமல் நடத்துகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். தர்சினி சொன்ன மனித உருவத்தை முன்னும் பின்னுமாக வரைந்து 140 ஜெராக்ஸ் எடுத்துவிட்டேன், வலிக்கிற இடத்தில் பெயர் எழுதாமல் வண்ணம் தீட்டி, மடித்து, ஒரு பெட்டியில் போடலாம். தனியாகப் பேச வேண்டும் என்கிறவர்கள் மட்டும் பின்பக்கம் வகுப்பும் பிரிவும் எழுதினால் போதும்.

ஜாமெட்ரி பாக்ஸ் பிள்ளையின் அம்மாவைப் போய்ப் பார்த்தேன், நூல் மில்லில் ஷிப்ட் வேலை, மில் வாசலில் வைத்துத்தான் பேச முடிந்தது. மகள் மாத்திரை போடுவது அவருக்குத் தெரியவே தெரியாது. மூன்று மாதம் எழுதி வைத்து டாக்டரிடம் காட்டலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். பிள்ளைக்கு ஒரு நோட்டு வாங்கி நானே கட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். தேதி, ரத்தப்போக்கு எவ்வளவு, வலி பத்துக்கு எத்தனை, எந்த இடத்தில், எந்த நேரத்தில் மாத்திரை, வலி அடங்கியதா. சிஸ்டர், வேறு ஏதாவது கட்டம் சேர்க்கணுமா?

நைட் டியூட்டி சிஸ்டர்:

ஒன்றே ஒன்று. "இன்றைக்கு வலியால் எதைச் செய்ய முடியாமல் போனது" என்று ஒரு கட்டம் போட்டு, அதை மட்டும் அகலமாக விடுங்கள். பத்துக்கு எட்டு என்று எழுதினால் டாக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கம் புரட்டலாம். சைக்கிள் மிதிக்க முடியவில்லை, தண்ணீர்க்குடம் தூக்க முடியவில்லை, கணக்குப் பரீட்சையில் கடைசி இரண்டு கேள்வி எழுத முடியவில்லை என்று இருந்தால் நின்று படிப்பார். மலம் கழிக்கும்போது வலித்ததா என்பதற்கும் தனியாக ஒரு சின்னக் கட்டம், டிக் அடித்தால் போதும், எழுதக் கூசும் பிள்ளையும் டிக் அடித்துவிடும்.